மினாரோவின் கையுறை

"வெட்டு பாய், வயர வெட்டு! டிவியும் வேணாம், கேபிளும் வேணாம்!"

பூவம்மா போட்ட சத்தத்தில் எம்.கே.பி. நகர் பிளாக்கின் இரண்டாவது மாடி மொத்தமும் எட்டிப் பார்த்தது.

கேபிள்கார மஜீது, கையில் கட்டிங் பிளேயரோடு தயங்கினான். "இன்னாக்கா ஆச்சு? படம் சரியா தெரியலியா?"

"படமெல்லாம் நல்லாத்தான் கீது. இத்தப் பாரு!"

வாசலில் அவள் மகள் ரமாபாய் நின்றிருந்தாள். ஒன்பது வயசு. இரண்டு கையிலும் வெள்ளை நூல் கையுறை. மணலி கம்பெனியில் மூட்டை ஏற்றும்போது அவள் அப்பா போட்டுக்கொள்வது. விரல் நுனியெல்லாம் தொளதொளவென்று தொங்கியது.

"ஒரு மாசமா கழட்ட மாட்டேங்குறா. அத்தப் போட்டுகினே எழுதுறா, அத்தப் போட்டுகினே தூங்குறா. சோறு துன்ன ஸ்பூன் கேக்குறா மகாராணி! எல்லாம் அந்த ஜப்பான் பொம்மைப் படத்தால வந்த பேஜாரு."

"குழாயடியில முன்ன உன்னப் பத்திதான் பேசுவாங்க, இப்ப இவ கைதான் பேச்சே," என்று பக்கத்து வீட்டு அங்கம்மா எடுத்துக் கொடுத்தாள்.

அந்த ஜப்பான் பொம்மை, மினாரோ. சாயங்காலம் ஐந்தரை ஆனால் பிளாக்கில் உள்ள பிள்ளைகளெல்லாம் அவன் பின்னாலேயே போய்விடும். வெள்ளி முடி. தமிழ் பேசுவான், சிரிக்க மாட்டான். ஊர் ஊராகப் பனியில் நடந்துகொண்டே இருப்பான். யாரையும் தொட மாட்டான். கறுப்புக் கையுறையைக் கழற்றவே மாட்டான். எந்த ஊருக்குப் போனாலும் ஜனம் முதலில் பார்ப்பது அவன் கையைத்தான்.

"அவன் கையில நெருப்பு கீதாமே? எம் புள்ள சொல்றான்," என்றாள் அங்கம்மா.

"நெருப்பும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. அவன் ஏன் கையுறை போட்டான்னு இன்னிக்குத்தான் காட்டப் போறாங்க. ஒரு வாரமா வெளம்பரம் போட்டுகினு கீறாங்க." மஜீது ரமாபாயைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "இன்னிக்கு ஒரு நாள் பாத்துக்கட்டும், பூவம்மாக்கா. நாளைக்குக் காலீல நானே வந்து வெட்டுறேன்."

ரமாபாய் கையுறைக் கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"இன்னிக்கு மட்டுந்தான். முடிஞ்சதும் கழட்டிக் குடுத்துரணும், இன்னா?" என்றாள் பூவம்மா.

ரமாபாய் தலையாட்டினாள்.

ஐந்தரைக்கு வீட்டுக்குள் பனி பெய்தது.

சுவர், கொடியில் கிடந்த லுங்கி, ரமாபாயின் முகம், எல்லாம் டிவி வெளிச்சத்தில் நீலமாகிவிட்டன. குழாயடியிலிருந்து இடுப்பில் குடத்தோடு வந்த பூவம்மா அப்படியே நின்றுவிட்டாள். போன மழைக்கு அப்புறம் அவள் தலையில் எதையும் சுமப்பதில்லை.

பனிக்குள்ளே மினாரோ சின்னப் பையனாக இருந்தான். ஆறு கரையை உடைத்துக்கொண்டு வருகிறது. வீடுகள் காகிதப் பெட்டி மாதிரி மிதக்கின்றன. ஒரு கையால் மரத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறான். இன்னொரு கையில் தங்கச்சியின் கை. சின்னக் கை, ஈரக் கை. சத்தமே இல்லாமல் நழுவுகிறது.

பூவம்மா குடத்தை இறக்கி வைத்தாள். தண்ணீர் தளும்பிக் காலை நனைத்தது.

சுனாமிக்கு அடுத்த வருஷம், அந்தப் போன மழையில், அப்போது குடியிருந்த சடையங்குப்பத்தில், தொடையளவு தண்ணீரில் மூன்று பேர் கை கோத்து நடந்தார்கள். இந்தப் பக்கம் பூவம்மா, நடுவில் நாலு வயசு மகன் சித்தார்த், அந்தப் பக்கம் ரமாபாய்.

மேடு ஏறியது இரண்டு பேர்.

டிவியில் மினாரோ வளர்ந்துவிட்டான். நூடுல்ஸ் கடைப் பெண் ஒருத்தி அவன் கையைப் பிடிக்கிறாள். "தொடாதே, இது தங்கச்சியை விட்ட கை," என்று உதறுகிறான். அவள் விடவில்லை. ஒவ்வொரு விரலாகக் கையுறையை உருவிக்கொண்டே கேட்கிறாள்: "எவ்வளவு நேரம் பிடிச்சிருந்தே?"

"கை மரத்துப் போற வரைக்கும்."

அவள் அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொள்கிறாள். பனி நிற்கிறது.

பூவம்மா, மகளுக்கு எதிரே மண்டிபோட்டு உட்கார்ந்தாள். இந்த முறை கத்தவில்லை. சுண்டுவிரலில் ஆரம்பித்து மெல்ல மெல்லக் கழற்றினாள். ஒரு மாசம் உள்ளேயே வேர்த்துக் கிடந்த கை. வெகுநேரம் தண்ணீரில் ஊறினது மாதிரி வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"ரமா... அன்னிக்கு நீ வுடல பாப்பா. நாந்தான் மொதல்ல வுட்டேன். தலையில இருந்த மூட்டை சரிஞ்சுச்சு. ரேசன் கார்டு, சட்டிபிட்டி எல்லாம் அதுலதான். அத்தப் புடிக்கத் தம்பி கைய வுட்டுட்டேன். நீ ஒத்தையா எவ்ளோ நேரம் இழுத்துகினு நிப்ப? கேட்டவங்ககிட்ட எல்லாம், 'அக்காகாரி கையிலேர்ந்து நழுவிட்டான்'னு சொல்லிட்டேன்..."

ரமாபாய் அழவில்லை. ஈரமான தன் விரலால் அம்மாவின் கன்னத்தைத் துடைத்தாள்.

"தெரியும்மா. நான் பாத்தேன்."

"தெரிஞ்சுமா? பின்ன இன்னாத்துக்குடி இத்தப் போட்டுகின?"

ரமாபாய் டிவியைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்:

"அவன் அத்தப் போட்டுகினு நடந்தா, எல்லாரும் அவன் கையத்தான் பாக்குறாங்க. அவங்கம்மாவ ஒருத்தரும் பாக்குறதில்லம்மா."