ரெக்கார்டுப்படி காலி மனை

பூமியை நோக்கி வரும் விண்கல்லைத் திசைதிருப்பி ஒரு காலி மனையில் இறக்குவதென்று அறுபத்திரண்டு நாடுகள் ஒருமனதாக முடிவெடுத்தன. அது செம்பேட்டில் வீரபாகுவின் மனை. அங்கே மாடி வீடு கட்டி அவர் பத்து வருடமாகக் குடியிருக்கிறார்.

"வீடு இருக்கும்மா! மொட்டை மாடியில நின்னுதான் பேசுறேன்!" என்று போனில் கத்தினார்.

"அப்ரூவல் நம்பர் சொல்லுங்க சார்," என்றாள் ஜெனீவாவிலிருந்து பேசிய தமிழ்ப் பெண்.

அப்ரூவலாவது, மண்ணாங்கட்டியாவது! தெருவில் யார் வாங்கினார்கள், இவர் வாங்க?

"அப்போ எங்க ரெக்கார்டுல காலிதான் சார். சனிக்கிழமை பதினோரு மணிக்கு விழும்."

"பைபாஸ் பக்கம் அரசு ஆஸ்பத்திரி நிலம் கிடக்கு. வெறும் முள்ளுக்காடு. அங்க போடுங்கம்மா, புண்ணியமாப் போகும்!"

"விளையாடுறீங்களா? முப்பது படுக்கை, நாலு டாக்டர், போன வருஷமே திறந்தாச்சுன்னு இருக்கு. ஆஸ்பத்திரி மேல கல்லைப் போட எந்த நாடு சார் சம்மதிக்கும்?"

சனிக்கிழமை விடிந்ததும் வீரபாகு மனைவியையும் டி.வி.யையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு முள்ளுக்காட்டுக்குப் போனார். பாதித் தெரு ஏற்கெனவே அங்கே பாய் விரித்திருந்தது. அறுபத்திரண்டு நாடுகள் சேர்ந்து காவல் காக்கும் இடம் ஊரில் அது ஒன்றுதான்.