ஓரத்தில் ஒரு சறுக்குமரம்

கேரவனில் ஊர் சுற்றினால் கணவன் மனைவிக்குள் நெருக்கம் கூடும் என்று பரவலாக நம்பப்படுகிறது. இந்தப் பிழையை யாராவது திருத்தியாக வேண்டும். கூடுவது நெருக்கடி மட்டுமே. அடுப்பும் படுக்கையும் ஒட்டிக்கொண்டிருக்கும் வண்டியில், ஒருவர் கோபித்துக்கொண்டு திரும்பிப் படுப்பதற்குக்கூட இன்னொருவர் எழுந்து வழிவிட வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆர்க்கிடெக்ட் ஒருவருக்கு ஒரு மாதமாக அப்படித்தான் வழி கிடைத்துக்கொண்டிருந்தது.

பேர்போன கட்டடங்கள், சிற்றூர் அருங்காட்சியகங்கள் என்று தேடித் தேடி வண்டியை ஓட்டினார். ஒவ்வொரு வாசலிலும் மனைவி சொன்னது ஒன்றுதான்.

"நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. நான் வண்டியைப் பாத்துக்கறேன்."

"வண்டியை யாரு இடுப்புல வச்சுத் தூக்கிட்டுப் போகப் போறா?"

அந்த அம்மாள் பட்டாணி உரிக்க ஆரம்பித்துவிடுவார்.

இன்று கடைசி ஊர். இங்கிருக்கும் அருங்காட்சியகம் அவரே வடிவமைத்தது. அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அதன் முகப்பிலுள்ள அகலமான கல்படிகள்தான்.

"இன்னிக்காவது இறங்கு. இது நான் கட்டினது. திறப்பு விழாவுக்கும் நீ வரலை."

"அன்னிக்குச் சின்னவளுக்கு அம்மை போட்டிருந்தது."

"இன்னிக்கு யாருக்குப் போட்டிருக்கு?"

"நீங்க முன்னாடி போங்க. பாக்கலாம்."

பாக்கலாம். கண்ட கண்ட கட்டடத்துக்கு அப்படிச் சொன்னாலும் பரவாயில்லை, இது அவரே கட்டியது. கதவை ஓங்கிச் சாத்திவிட்டு இறங்கினார்.

முகப்பைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

கல்படிகளின் இடது ஓரத்தில் ஓர் இரும்புச் சாய்தளம். அதற்கு நீல நிறத்தில் கைப்பிடிக் கம்பி வேறு.

படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறி உள்ளே போனார். அருங்காட்சியகப் பொறுப்பாளரான இளம்பெண் நாற்காலியைவிட்டு எழுந்தாள்.

"வாங்க சார். நீங்க வரீங்கன்னு..."

"யாரும்மா அந்தச் சறுக்குமரத்தை அங்க வச்சது?"

"சாய்தளமா சார்? ஓரமாத்தான் வச்சோம்."

"மூக்கு மேல ஒரு கட்டி, ஓரமா இருந்தாப் பரவாயில்லையா?"

அவள் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"அந்தப் படியை எதுக்கு வச்சேன் தெரியுமா? ஒவ்வொரு படியா ஏறும்போது வெளி உலகம் பின்னாடி போகணும். மனசு தயாராகணும். நேரா உருண்டு வந்து விழறதுக்கு இது என்ன குடோனா?"

"சிலரால படி ஏற முடியறதில்லை சார்."

"எவ்வளவு பேரு?"

"கொஞ்சம் பேர்தான். வாரத்துக்கு ரெண்டு மூணு பேரு வருவாங்க."

"அந்த ரெண்டு மூணு பேருக்காக என் முகப்பைக் குதறி வச்சிருக்கீங்க. என்னைக் கேக்காம ஒரு ஆணி அடிக்கக் கூடாதுன்னு ஒப்பந்தம் இருக்கா இல்லையா?"

"இருக்கு சார். கேக்காதது தப்புதான்."

"கழட்டுங்க."

அவள் தயங்கினாள். பிறகு தலையாட்டினாள். "நாளைக்குக் காலையில வெல்டரை வரச் சொல்லிடறேன்."

ஜெயித்துவிட்டார். கோபம் மட்டும் இறங்கவில்லை. கூடத்தின் பக்கம் திரும்பினார்.

கூடத்தின் நடுவே, ஒரு தூணைப் பிடித்தபடி அவர் மனைவி நின்றிருந்தார். கூரைத் திறப்பு வழியே விழும் வெளிச்சத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"நீ எப்ப வந்த?"

"நீங்க மூக்கையும் கட்டியையும் பத்திப் பேசிட்டிருந்தப்போ."

பொறுப்பாளர் தரையைப் பார்த்தாள்.

"எப்படி வந்த?"

"அந்த நீலக் கம்பியைப் புடிச்சுக்கிட்டுத்தான்."

"ஒரு மாசமா எங்கேயும் இறங்கலை. இப்ப மட்டும்..."

"எங்கே படி இல்லாம இருந்தது, சொல்லுங்க."

அவர் பார்வை மனைவியின் முட்டிக்கு இறங்கியது.

"முட்டி இவ்வளவு மோசமா இருக்குன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"முதல் ஊர்லயே சொன்னேனே. யப்பா, எவ்வளவு படின்னேன். நீங்க குஷியாகி, அந்தக் கல்லு எந்த மலையிலேருந்து வந்ததுன்னு ஆரம்பிச்சிட்டீங்க."

"அப்புறம் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா அங்கேயே வண்டியைத் திருப்பியிருப்பீங்க. எனக்கு உங்க ஊர் உலகம் எதுவும் வேண்டாம். இது ஒண்ணைப் பாக்கத்தான் கிளம்பி வந்தேன்." மறுபடி அண்ணாந்தார். "வெளிச்சம் நல்லா விழுது."



பொறுப்பாளர் மெதுவாகக் கேட்டாள். "சார், அப்போ நாளைக்கு வெல்டர்..."

அவர் விறுவிறுவென்று வெளியே போனார். சாய்தளத்தின் மேல்முனையில் நின்று கீழே பார்த்தார். ஒருமுறை இறங்கினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை ஏறினார். திரும்பி வந்தபோது முகம் முன்பைவிடச் சிவந்திருந்தது.

"உங்களுக்கெல்லாம் கொஞ்சமாவது அறிவு இருக்காம்மா? இவ்வளவு செங்குத்தா வச்சா முட்டி வலிக்கிறவங்க எப்படி ஏறுவாங்க?"

மறுநாள் வெல்டர் வந்தார். சாய்தளம் நீண்டு, முகப்பில் பாதியை மறைத்தது.