மஞ்சள் கோட்டுக்குள் நடந்த யானை

மலைமேல் சந்திரசூடேஸ்வரர் இருக்கிறார். அவர் சாட்சியாகச் சூடம் ஏற்றி அணைத்துச் சொல்லலாம், இதில் ஒரு சொல்கூடக் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. ஓசூர் சிப்காட்டில் பூங்கொடி வேலை செய்யும் ஒயரிங் லைனுக்குள் போன செவ்வாய்க்கிழமை ஒரு யானை வந்தது.

சரியான நேரத்தில்தான் வந்தது.

பூங்கொடி நாட்றாம்பாளையத்துப் பெண். ஒயரை வெட்டி, முனையில் கிளிப் அடித்து, கட்டாகக் கட்டும் அந்த லைனுக்கு அவள்தான் லீடர். ஆனாலும் இன்னும் கான்ட்ராக்ட். இந்த வருடம் டார்கெட்டை முடித்தால் பர்மனென்ட் என்று சொல்லியிருந்தார்கள். எல்லாம் முடித்துவிட்டாள். ஒன்றே ஒன்று பாக்கி: ஒரு நியர் மிஸ்.

நியர் மிஸ் என்றால், அடிபட இருந்து நூலிழையில் தப்பிய சம்பவம். ஆளுக்கு ஒன்றாவது சொல்லியாக வேண்டும் என்பது கம்பெனி விதி. பூங்கொடியின் லைனிலோ எதுவும் நடக்காது, நடக்கப் பார்க்கவும் செய்யாது. தரையில் ஒரு துண்டு ஒயர் கிடக்க விடமாட்டாள். சுத்தமாக வேலை செய்தே கெட்டுப்போனவள்.

மறுநாள் சேஃப்டி ட்ரெய்னிங். எல்லோரும் அவரவர் நியர் மிஸ்ஸைச் சொல்ல வேண்டும். ஜன்னலுக்கு நேரே தென்னங்குருத்தில் ஒரு காக்கை உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தபடி, "எவளாவது வழுக்கி விழற மாதிரியாவது போகக் கூடாதாடி?" என்று புலம்பினாள் பூங்கொடி.

"ஒரு சொட்டு எண்ணெய் சிந்த விடறியா நீ? அப்பறம் எங்கக்கா வழுக்கும்?" என்றான் ட்ராலி தள்ளும் மணிவேல்.

அப்போதுதான் யானை வந்தது. ஜவளகிரிக் காட்டுக் கொம்பன். உள்ளே வந்ததும் இடமும் வலமும் பார்த்துவிட்டு, ஆள் நடக்கப் போட்டிருந்த மஞ்சள் கோடுகளுக்கு நடுவே பார்த்துப் பார்த்துக் கால் வைத்தது. மணிவேலின் ட்ராலி குறுக்கே வந்தபோது நின்று வழி விட்டது. சத்தம் அதிகம், காதை மூடவும் என்ற பலகைக்குப் பக்கத்தில் இரண்டு காதுகளையும் மடக்கிக்கொண்டது. தண்ணீர் குடித்துவிட்டுக் குழாயை மூடியது. அந்தக் கம்பெனியில் அதைச் செய்கிற மனிதர்கள் குறைவு.

அதற்கப்புறம்தான் புத்தி கெட்டது. கிளிப் அடிக்கும் மிஷின் மேலும் கீழும் ஆடுவது என்ன என்று பார்க்கத் தும்பிக்கையை நீட்டியது. அச்சு இறங்கிக்கொண்டிருந்தது. பூங்கொடி பாய்ந்து போய்ச் சிவப்புப் பட்டனை அறைந்தாள். மிஷின் நின்றபோது, தும்பிக்கைக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு பீடி நுழையும் இடம்தான் இருந்தது.

"போ, போ" என்று மணிவேல் விரட்டிப் பார்த்தான். யானை அசையவில்லை. அந்தக் காடு பாதி கர்நாடகத்தில் இருப்பது பூங்கொடிக்கு நினைவு வந்தது. "ஹோகப்பா" என்று கன்னடத்தில் சொன்னாள். யானை மரியாதையாகத் திரும்பி, வந்த வழியே போய்விட்டது.

புதன்கிழமை கேன்டீனில் ட்ரெய்னிங். பெங்களூரிலிருந்து சுரேந்தர் என்ற ட்ரெய்னர் வந்திருந்தார். அந்தக் கம்பெனிக்குள் அவர் கால் வைப்பது அன்றுதான் முதல் தடவை. கத்தி கிழிக்கப் பார்த்தது, கால் இடறப் பார்த்தது என்று ஒவ்வொருவராகச் சொல்ல, கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டார். பூங்கொடி எழுந்து தன்னுடையதைச் சொன்னாள். கொட்டாவி பாதியில் நின்றது.

"யானையாம்மா?"

"ஆமாங்க சார். கொம்பன்."

"ஓசூர்ப் பக்கம் யானை வருதுன்னு பேப்பர்ல படிச்சிருக்கேன். கம்பெனிக்குள்ளயே வருதா? சேஃப்டி ஷூ இல்லாம எப்படி உள்ள விட்டீங்க?"

"வெளியாளுங்களுக்கு ஷூ கட்டாயம் இல்லீங்க சார்."

அது நியாயம்தான் என்பதுபோல் அவர் தலையாட்டினார். "வேற யாரு பார்த்தது?"

மணிவேல் எழுந்தான். "நான் பார்த்தன் சார். என் ட்ராலிக்கு நின்னு வழி விட்டுச்சு. ஸ்டோர்ஸ் ஜெகதீஷ் ஒரு நாளும் விட்டதில்ல."

"யானைகிட்ட பஞ்சாயத்துன்னா அதோட நிறுத்துடா. என்னை ஏன்டா இழுக்கற?" என்றது பின்வரிசையிலிருந்து ஜெகதீஷின் குரல். கேன்டீனே சிரித்தது.

சுரேந்தர் சிரிக்கவில்லை. "எத்தனையோ கம்பெனி பார்த்துட்டேன்மா. மிஷின்ல கை மாட்டாம காப்பாத்தினவங்க நெறைய பேரு. தும்பிக்கையக் காப்பாத்தினது நீங்க ஒருத்தர்தான். உங்க டார்கெட் முடிஞ்சுது. பர்மனென்டுக்கு உங்க பேரை மேனேஜர்கிட்ட நானே சொல்றேன்."

கைதட்டல் அடங்கச் சற்று நேரம் பிடித்தது. பூங்கொடிக்குக் கண்ணில் நீர் முட்டியது. வீட்டுக்குச் சொல்லிவிட வேண்டுமென்று போனைக்கூட எடுத்துவிட்டாள்.

சுரேந்தரும் தன் போனைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். "வாங்க, யானை வந்த வழியை ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துரலாம்."

பூங்கொடி எடுத்த போனைத் திரும்ப உள்ளே வைத்தாள். உதவி என்றால் எப்போதும் முந்திக்கொள்ளும் மணிவேல்தான் முன்னால் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டான்.

"படி குறுகலுங்க சார், கைப்பிடியப் புடிச்சிக்கிட்டு ஒவ்வொருத்தரா ஏறணும். நம்ம லைன் மூணாவது மாடி."