குழி எழுந்திருக்கவில்லை

திருச்சானூர் கல்யாண மண்டப வாசலில் இலவச முகாம். சர்க்கரைக்காரர்களின் இதயம் பிற்காலத்தில் தளர்ந்துபோகுமா என்று முன்கூட்டியே சொல்லும் செல்போன் ஆப்பைக் கையில் வைத்துக்கொண்டு நர்ஸ் காவ்யா கேள்வி கேட்கிறாள். அதில் சிவப்பு வந்தால் நாளைக்குச் சாமி பார்க்க மலைக்கு நடை கிடையாது, பஸ்தான் என்று தேவயானி புருஷன் செங்கல்வராயனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். "மூச்சு வாங்குதா நைனா?" என்கிறாள் காவ்யா. "எனக்கா? நான் ஏறினா மலைக்குத்தான் மூச்சு வாங்கும்," என்கிறார் செங்கல்வராயன். "மூச்சு முட்டாம படுக்க எத்தினி தலகாணி?" "ஒண்ணு." "ஒண்ணுதாம்மா," என்கிறாள் தேவயானி. "அதுக்குக் கீழ என் பொடவ மூட்ட, அதுக்கும் கீழ பொண்ணோட சூட்கேஸு." காவ்யா அவரது வீங்கின கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தி எடுக்கிறாள். பந்தல் துணி வழியே இறங்கும் மஞ்சள் வெயிலில், புளியங்கொட்டை வைக்கலாம்போல ஒரு குழி அப்படியே நிற்கிறது. மூவரும் அதையே பார்க்கிறார்கள். ஷேர் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது, குழி போகவில்லை. "கொஞ்சம் டைம் குடும்மா, எழுந்துக்கினுதான் இருக்குது," என்று செங்கல்வராயன் குனிந்து உற்றுப் பார்க்கிறார். நிமிரும்போது புஸ்ஸுபுஸ்ஸென்று இரைக்கிறது. காவ்யா மூச்சுக் கேள்விக்கு 'ஆம்' என்று தட்டுகிறாள். திரை சிவக்கிறது. டாக்டர் மேசைப் பக்கம் கை காட்டுகிறாள். செங்கல்வராயன் இரைப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, தேவயானியிடம் சொல்கிறார்: "பஸ்ல சன்னலோரம் எனக்கு."