கணக்கில் இல்லாதவள்

மகள் படிக்கக் கிளம்பும் நாட்டில் பாலியல் குற்றங்கள் இங்குள்ளதைவிடப் பல மடங்கு என்று அன்று காலைச் செய்தித்தாளில் படித்ததும் அறவாழி தாளை மடித்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"அங்க போகவேணாம்மா. இங்க எவ்வளவோ பரவாயில்ல."

யாழ்மொழி பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "அங்க நடந்தா போய்ச் சொல்றாங்கப்பா. சொன்னா எழுதிக்கிறாங்க. அதான் கணக்கு கூடுது."

"இங்க மட்டும் சொல்ல மாட்டாங்களா?"

அவள் கை நின்றது. "சித்தப்பா செஞ்சத உங்ககிட்டதான் சொன்னேன். வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்னீங்க. இந்த ஊர்க் கணக்குல நான் இல்லப்பா."

அறவாழியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக அவரே வரச்சொல்லியிருந்த தம்பியின் கார் வாசலில் வந்து நின்றது.

"அண்ணே, கிளம்பலாமா?"

அறவாழி எழுந்துபோய்க் கதவை உள்ளே தாழிட்டார். அழைப்புமணி அடித்துக்கொண்டே இருந்தது.