வளைந்த பால்கனி அறை

கப்பல் பயணத்துக்கு எந்தத் தேதியைக் குறித்தாலும், அந்த வாரம் பார்த்துக் கணவருக்கு விடுமுறை மறுக்கப்படுவது ஏன் என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை.

"மேனேஜர் இந்தத் தடவையும் முடியாதுன்னுட்டார். வேலை தலைக்கு மேல இருக்காம். ரத்து பண்ணிட்டு வேற தேதி பார்க்கலாம்," என்றார் கணவர்.

"போன தடவை நம்மளைப் போக விடாம, அவர் எங்கே போனார்?"

"கப்பல்லதான். இதோ, போட்டோ அனுப்பியிருக்கார்."

கப்பலின் கடைக்கோடி அறை. வளைந்த பால்கனி. அவள் தேடித் தேடிப் பிடித்தது.

"இது நாம விட்ட ரூம்ங்க."

"ஆமா. கடைசி நேரத்துல காலியாகுற ரூம் பாதி விலைக்குக் கிடைக்குமாம். கெட்டிக்காரர்," என்றார் கணவர், ஏதோ தன் சாமர்த்தியம் போல.

"காலியாகப் போகுதுன்னு அவருக்கு யார் சொல்றது?"

"நான்தான். கேட்பார், சொல்லுவேன்."

அவள் கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களை மாதிரி ஒரு ஆள் எந்த ஆபீசுக்கும் கிடைக்க மாட்டார்."

மறுநாள் கணவர் அலுவலகத்திலிருந்து போன் செய்தார். "ரத்து பண்ணியாச்சான்னு மேனேஜர் கேட்கிறார்."

"ஆச்சுன்னு சொல்லுங்க. உங்களை மட்டும்."

அறையை அப்படியே வைத்துக்கொண்டு, கணவர் பெயரை எடுத்துவிட்டு அக்காவின் பெயரைச் சேர்த்திருந்தாள்.