நாலோங்கோவின் கடைசி ரத்தம்

"ரத்தச் செல்லை ஃபார்மலின்ல வெச்சியா, இல்ல மீனைக் கருவாடு போட்டியா?"

செல் பிரிக்கும் இயந்திரத்தின் அருகிலிருந்து ஒகெல்லோ, சக ஆய்வக உதவியாளர் நபுகீராவைக் கேட்டான். யாரும் சிரிக்கவில்லை.

கம்பாலா காசநோய் ஆய்வகத்தில் டாக்டர் கிசாக்யே கணினித் திரையையே வெறித்துக்கொண்டிருந்தார். எந்த மரபணு வேலை செய்தது என்று சொல்ல வேண்டிய ஆர்.என்.ஏ., தூள் தூளாக உடைந்திருந்தது.

"நபுகீரா, ஃபார்மலின்ல எவ்வளவு நேரம் ஊற வெச்சே?"

"ராத்திரி முழுக்க, டாக்டர்."

"அரை மணி நேரம்தானே? கிருமி செத்ததும் கழுவி எடுக்கணும்னு தெரியாதா?"

"தெரியும்."

"யார் ரத்தம்னாவது தெரியுமா?"

"நாலோங்கோவோடது, டாக்டர்."

இரட்டைப் பிள்ளை பெற்ற தாய் என்பதால் வார்டே அவரை நாலோங்கோ என்றுதான் கூப்பிடும். எந்த மருந்துக்கும் அடங்காத காசநோய். நேற்று மதியம் ரத்தம் கொடுத்தார். விடியுமுன் இறந்துவிட்டார்.

"இனி யார்கிட்ட போய் ரத்தம் கேப்பேன்? 'இந்த நோய் என்னோட போகட்டும், எடுத்துக்கோ'ன்னு ஊசிக்குக் கையை நீட்டின மனுஷி! மருந்து ஏன் கேக்கலைன்னு அந்தச் செல்லுங்கதான் சொல்லியிருக்கும். எனக்கு அம்மா மாதிரி அவங்க, என்னை மகளேன்னுதான் கூப்பிடுவாங்க. நீ காட்டின மரியாதை இதானா?"

நபுகீரா காலிக் குழாய்களை ஒவ்வொன்றாக அடுக்கினாள்.

"பாதியில போட்டுட்டு எங்கே போனே? சொல்லு. இல்லேன்னா நாளையிலேருந்து வர வேண்டாம்."

"சொல்லித் தொலையேன், தாயே" என்றான் ஒகெல்லோ.

நபுகீரா கையுறையைக் கழற்றினாள்.

"நேத்து சாயந்திரம் வார்டுக்குப் போனேன். நாலோங்கோவுக்கு மூச்சு வாங்குது, உங்களைக் கேக்கறாங்கன்னு நர்ஸ் போன் பண்ணாங்க. உங்ககிட்ட வந்து சொன்னதுக்கு, 'மீட்டிங் முடியட்டும், வர்றேன்'னு சொன்னீங்க."

கிசாக்யேயின் முகம் மாறியது.

"பிள்ளைங்க ரெண்டும் துபாய்ல. பக்கத்துல யாருமில்ல. எட்டிப் பாத்துட்டு உடனே வந்துடலாம்னுதான் போனேன், டாக்டர். கையைப் பிடிச்சாங்க. கடைசி வரைக்கும் விடல."

கிசாக்யே கணினித் திரையை அணைத்தார்.

"நான் ஏன் வரலைன்னு... கேட்டாங்களா?"

"கேக்கல, டாக்டர். அவங்களுக்குக் கண்ணு மங்கிப்போச்சு. நானும் முகக்கவசம் போட்டிருந்தேன். 'கிசாக்யே, வந்துட்டியாம்மா?'ன்னாங்க. வந்துட்டேன்னு சொல்லிட்டேன்."